குடல் கழுவுதல்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரம்

பெருங்குடலில் உள்ள மலத்தை மருந்து கொடுத்தோ நீர் செலுத்தியோ வலிந்து வெளியேற்றுவது குடல் கழுவுதல். பேதிக்குச் சாப்பிடுவது, எனிமா எடுப்பது, கருவி வைத்து லிட்டர் கணக்கில் நீரைப் பாய்ச்சி வெளியேற்றுவது ஆகிய மூன்றும் இதில் சேரும். கடைசி வகை பெருநகர அழகு நிலையங்களின் சரக்கு. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் புழங்குவது பெரும்பாலும் முதல் வகைதான். ‘வயிறு உப்பிக்கிட்டே இருக்கு, ஒரு பேதிக்குச் சாப்பிட்டாச் சரியாயிடும்’ என்ற அறிவுரை வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் உப்புசத்துக்கு இது சிகிச்சை ஆகாது. எந்த நோயால் வயிறு உப்புகிறது என்று தெரியுமுன் குடித்தால் ஆபத்தாகவும் முடியலாம்.

மருந்துச் சரக்குக்கு இங்கே குறைவில்லை. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் வனப்பொருள்களில் கடுக்காய்க்குத் தனி இடம் உண்டு. தோல் பதனிடவும் அது விலைபோகும். கொட்டையை நீக்கிப் பொடித்துச் சிறிதளவு உட்கொண்டால் மலத்தை மென்மையாக இளக்கும். விளக்கெண்ணெய் அப்படியன்று. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையைச் சுருங்க வைக்கும், கருப்பைத் தசையையும் சுருங்க வைக்கும். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது என்பதற்கு இதுவே காரணம். திருநெல்வேலிச் சீமையின் பெயரால் உலகச் சந்தையில் அறியப்படும் நிலாவிரை பெருங்குடலைத் தூண்டிவிடும். இவற்றுள் மிகவும் கடுமையானது நேர்வாளம். சித்த மருத்துவர்கள் அதைச் சுத்தி செய்து, முறிவு மருந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். சுத்தி செய்யாத நேர்வாள விதை சிறிதளவே உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து.

நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி மருந்து உண்ண வேண்டும் என்பது தேரையரின் பிணியணுகா விதியில் உள்ள ஒழுங்கு. அது நலமாக இருப்பவருக்குச் சொன்னது. நோயாளியின் உடல்வன்மை பார்த்து அளவைத் தீர்மானிப்பதும் அந்த மரபின் பகுதியே. மேலை நாடுகளிலும் குடலில் தேங்கும் மலம் உடலை நஞ்சாக்குகிறது என்ற கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1919இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வாரெஸ் அதை மறுத்து எழுதினார். மலச்சிக்கலில் வரும் தலைவலிக்கும் சோர்வுக்கும் காரணம் குடல் விரிந்து நிற்பதுதான், நஞ்சு இல்லை என்பது அவர் வாதம். குடலின் உட்புறச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை தாமாகவே உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. சுவரில் ஆண்டுக்கணக்கில் அழுக்கு படிந்து கிடக்கிறது என்பது விளம்பரக் கதை.

நீடித்த உப்புசத்துக்குப் பின்னால் பல நோய்கள் இருக்கலாம். பெரும்பாலும் மலச்சிக்கல், எரிச்சல் குடல் நோய், பால் செரிக்காமை போன்ற சாதாரணக் காரணங்களே இருக்கும். நீரிழிவால் இரைப்பை மந்தமாவதும் தைராய்டு சுரப்புக் குறைவும் வயிற்றைக் கனக்கவைக்கும். மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் பங்குண்டு. ஜியார்டியா, அமீபா தொற்றுகளும் காரணமாகலாம். ‘பூச்சி’ என்று சந்தேகித்துப் பேதி கொடுப்பது பழைய வழக்கம். அரசு பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை பேதியாகாமலே அந்த வேலையைச் செய்கிறது.

வயிற்றைப் பெரிதாக்குவது வாயுவாக இல்லாமல் நீராக இருந்தால் கதையே வேறு. மதுவால் கெட்ட கல்லீரல், வயிற்றுக் காசநோய் இரண்டிலும் வயிற்றறையில் நீர் கோத்துக்கொள்ளும். மகோதரம் என்பது இதுதான். இந்திய மரபு நூல்கள் இதற்குப் பேதியைப் பரிந்துரைத்ததால் இன்றும் சிலர் அதைத் தேடிப்போகிறார்கள். கல்லீரல் சுருங்கிய நோயாளிக்குக் கடும் பேதியானால் சிறுநீரகம் செயலிழக்கலாம், நினைவும் தப்பலாம். பெண்களிடம், குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்களிடம், புதிதாகத் தொடங்கி விடாமல் வரும் உப்புசம் சூலகப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். மாதத்துக்குப் 12 முறைக்கு மேல் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு. பேதியால் இரண்டு நாள் வயிறு இறங்கியது போலத் தோன்றி, மருத்துவரிடம் போவது இரண்டு மாதம் தள்ளிப்போவதுதான் இங்கே பெரிய இழப்பு.

திடீர் வலியென்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. குடல் அடைத்திருக்கும்போதோ குடல்வால் அழற்சியின்போதோ பேதி கொடுத்தால் குடல் கிழிய வாய்ப்புண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பலருக்கு வயிற்று வலியும் வாந்தியுமே முதலில் தெரிந்தன. குடித்தவருக்கு வயிற்று வலியோடு பார்வை மங்கினால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது.

பேதியில் நீரோடு சோடியமும் பொட்டாசியமும் போய்விடும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். டைகாக்சின் எடுப்பவருக்கு இது மேலும் கேடு. இரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை எடுப்பவர்களின் சிறுநீரகம் எளிதில் பாதிக்கப்படும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இந்த மாத்திரைகள் இன்று சிற்றூர் வீடுகளுக்கும் போய்ச் சேருகின்றன. அந்த வீடுகளில் பேதி மருந்து குடிக்குமுன் மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள், குழந்தைகள், முதியோர், அண்மையில் வயிற்று அறுவை செய்தவர்கள், குடல் அழற்சி நோயாளிகள் தாமாக முயலவே கூடாது.

எனிமாவும் கருவிக் கழுவலும் வேறு வகைச் சிக்கல் தருபவை. அமெரிக்காவின் கொலராடோவில் 1978 முதல் 1980 வரை ஒரு நிலையத்தில் குடல் கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று பரவியது. பெருங்குடலை வெட்டியெடுக்க நேர்ந்த 10 பேரில் 6 பேர் இறந்தனர். கருவி சரியாகச் சுத்தம் செய்யப்படாததே காரணம். காபி எனிமாவாலும் மரணங்கள் பதிவாகியுள்ளன. சோடியம் பாஸ்பேட் கரைசலை 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் எடுக்க வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு முன் மருத்துவமனை தரும் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலை இவற்றோடு சேர்க்க வேண்டியதில்லை. அதில் உப்புகள் அளந்து கலக்கப்பட்டிருக்கும்.

எடை குறைவு, மலத்தில் இரத்தம், காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, வாயுகூடப் பிரியாமல் வயிறு இறுகுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பேதி வேண்டாம், பரிசோதனை வேண்டும். தொடக்கத்தில் இரத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், மலப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் ஆகியவையே பெரும்பாலும் போதும். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு மேல்சிகிச்சை மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மலைமேல் இருப்பவர்களுக்கு அங்கே போய்ச்சேருவதுதான் பிரச்சினை. வெள்ளிமலையிலிருந்து கரியாலூர், கச்சிராயபாளையம் வழியாக வளைந்து வளைந்து இறங்க வேண்டும். சாலை போடாத குக்கிராமங்களும் உண்டு. மலைவாழ் மக்களின் இந்தக் குறைகளை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இரவில் பேதி நிற்காமல் போனால் நகரவாசியைவிட மலைவாசிக்கு ஆபத்து அதிகம்.

ஏற்கெனவே குடித்துவிட்டுப் போக்கு நிற்காதவருக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் சோடியம் மேலும் குறையும். சிறுநீர் வற்றுவது, எழுந்தால் தலைசுற்றுவது, தசைப்பிடிப்பு, குழறல், வயிறு பலகைபோல் இறுகுவது ஆகியவை தெரிந்தால் விடியும்வரை பொறுக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்லி, மிச்சமிருக்கும் பொடியையோ புட்டியையோ கையோடு எடுத்துப்போக வேண்டும்.