தென்னாற்காட்டுக் கிறித்தவ வழிபாட்டில் நன்றியறிதல்: கீர்த்தனையும் பிடியரிசியும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டுச் சிற்றூர்களில் சீர்திருத்தக் கிறித்தவத்தை ஏற்றவருள் பெரும்பான்மையோர் நிலமற்ற வேளாண் தொழிலாளர்கள். பஞ்சகால உதவிக்காக மதம் மாறியவர்கள் என்ற பழி இவர்கள்மேல் சுமத்தப்பட்டது. இவர்தம் வழிபாட்டில் நன்றி பெற்ற வடிவங்களையும் அவற்றின் சமூகப் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திண்டிவனம், ஆற்காடு மிஷன், கீர்த்தனை, பிடியரிசி, ஸ்தோத்திரம்

முன்னுரை

செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தது திருக்குறள். அங்கு நன்றி என்பது உதவி பெற்றவர் உதவியவரிடம் கொள்ளும் அறம். கிறித்தவ வழிபாட்டில் அது முதன்மையாக இறைவனை நோக்கியது. இவ்வேறுபாட்டின் விளைவை அறியத் தென்னாற்காடு தக்க களமாகும். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷனின் பணித்தளங்களுள் ஒன்று திண்டிவனம். அம்மாவட்டத்தின் பிற பகுதிகளில் டேனிஷ் மிஷனரி சங்கம் பணியாற்றியது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன்வழி உருவானது.

பஞ்சமும் பழியும்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தை ஒட்டி ஆற்காடு மிஷன் சபைகளில் திரளானோர் சேர்ந்தனர். அவருள் பலர் பின்னர் விலகினர். 'அரிசிக் கிறித்தவர்' என்ற ஏளனம் இத்தகையோரைக் குறித்தே வழங்கியது. பசி அவர்களைச் சபைக்கு அழைத்து வந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அண்டை மாவட்டமான செங்கல்பட்டில் பறையர் நிலமற்றிருந்த நிலையை 1891இல் ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கை விரிவாகப் பதிவுசெய்தது. நெல்லைக் கூலியாகப் பெற்ற படியாளுக்கு நன்றி என்பது நிலவுடைமையாளர் முன் பணிந்து நிற்பதாகவே பழகியிருந்தது.

நெஞ்சில் நின்ற பாடல்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை வழிபாட்டில் பாடுவதை அவர்காலப் புதிய மிஷனரிகள் சிலர் ஏற்கவில்லை. மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் அவற்றைத் தொகுத்து 1853இல் வெளியிட்டபின், பிற சபைகளிலும் கீர்த்தனை பரவியது. ஒருவர் பாட மற்றவர் பல்லவியைத் திருப்பிப் பாடும் முறைக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை. கல்வி மறுக்கப்பட்டோர் நெஞ்சில் நிறுத்திய தம் மொழியிலேயே இறைவனைத் துதிக்க இவ்வடிவம் வழிசெய்தது.

தமிழ் விவிலியத்தில் 'ஸ்தோத்திரம்' என்னும் சொல் துதி, நன்றி ஆகிய இரண்டையும் உணர்த்துகிறது. அதுவே கிறித்தவர் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல்லாகவும் ஆயிற்று. மேலோரைக் கும்பிட்டு விளிக்கப் பழக்கப்பட்டவர்க்கு, இருவரும் ஒன்றாகச் சொல்லத்தக்க வாழ்த்துச்சொல் கிட்டியது சிறிய மாற்றமன்று.

பிடியரிசியும் அறுப்பின் பண்டிகையும்

ஒவ்வொரு முறை உலையேற்றும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இட்டு, சேர்ந்ததைக் கோவிலில் படைப்பது தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் வழங்கிய பெண்களின் காணிக்கைமுறை. காசு கையில் புழங்காத வீட்டிலும் அடுப்படி பெண்ணின் பொறுப்பில் இருந்தது. அரிசியைப் பெறுவோர் என இகழப்பட்ட சமூகங்களில், பெண்கள் அரிசியைக் கொடுப்போராயினர்.

அறுப்பின் பண்டிகையில் நெல், காய்கறி, கோழி முதலியன படைக்கப்பட்டு ஏலம் விடப்படும். காணிக்கை என்பதால் சந்தை விலைக்கு மேலும் கேட்பர். சொந்த வயலற்றவர் விளைச்சலுக்கு நன்றி கூறுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் நிலத்தின் பயன் உடைமையாளரின் கொடையன்று, இறைவனின் கொடை என்ற அறிவிப்பு அதனுள் அடங்கியுள்ளது.

முடிவுரை

திருச்சபைக்குள்ளும் சாதி நீங்கிவிடவில்லை. நன்றி வழிபாடு நிலவுடைமையை மாற்றவும் இல்லை. எனினும் கீர்த்தனை, ஸ்தோத்திரம், பிடியரிசி ஆகியவை நன்றியைப் பணிவுக்கடனிலிருந்து பிரித்து, கொடுக்கும் தகுதியாக மாற்றின. மதமாற்ற வரலாற்றை எழுதுவோர் பெற்ற உதவியைக் கணக்கிடும் அளவுக்கு, அம்மக்கள் கொடுத்த காணிக்கையையும் கணக்கிட வேண்டும். அப்போதுதான் அவர்கள் வரலாற்றில் பயனாளிகளாக மட்டுமின்றி, வழிபடுவோராகவும் இடம்பெறுவர்.