பாட்டனார் சென்ற படை

நம் குலத்தின் பழம்பெருமையைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் சோழர் கல்வெட்டுக்களிலிருந்தே தொடங்குவர். அது முறையே. இராசராசன் முதலிய சோழ வேந்தர் காலத்துக் கல்வெட்டுக்களில் ‘தெரிந்த கைக்கோளர்’ என்னும் பெயருடைய படைகள் பல காணப்படுகின்றன. ஒட்டக்கூத்தர் பாடியதாக வழங்கும் ஈட்டியெழுபது செங்குந்தரின் வீரத்தைப் பொருளாகக் கொண்டது. கல்வெட்டிற் கண்ட கைக்கோளர் என்னும் சொல் குலப்பெயரோ, கைவலி படைத்த படையினரைக் குறித்த பெயரோ என்னும் வினா ஆராய்ச்சியாளரிடையே உண்டு. அவ்வாராய்ச்சியில் ஈண்டு யாம் புகவில்லை.

யாம் கூற விழைவது வேறொன்று. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட படையின் பெயரை நம் சிறுவரும் அறிவர். எண்பது ஆண்டுக்கு முன் நம் தெருவிலிருந்து புறப்பட்டுச் சென்ற படையினரை நம்மிற் பெரியோரும் அறியார். 1939 முதல் 1945 வரை நிகழ்ந்த இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரிலிருந்து இருபத்தைந்து இலட்சம் பேராகப் பெருகிற்று. கட்டாயச் சட்டம் இன்றி, தாமே பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்களால் அமைந்த பெரும்படை அது. அதில் எண்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மீண்டு வந்தோருள் ஒருவர் எம் பாட்டனார். 1921-இல் கடையநல்லூரிலே ஒரு நெசவாளர் இல்லத்திற் பிறந்து, 2003-இல் அதே தெருவிலே மறைந்தவர். அவருடைய வாழ்க்கையை முன்னிட்டு அக்காலத்து வரலாற்றை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவுத் தொழிலினர் படைக்குச் செல்ல நேர்ந்தது எங்ஙனம்? வீர உணர்ச்சி ஒன்றே காரணம் எனக் கூறின் அது புனைந்துரையாம். 1942 மார்ச்சில் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். அதனோடு சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. நூல் விலை ஏறிற்று. ஏறிய விலைக்கும் நூல் கிடைப்பது அரிதாயிற்று. 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கும் அளவுக்கு நிலைமை முற்றிற்று. நூல் இல்லாத தறி வீட்டிலே வெறுங்குழியே அன்றோ? மூன்று தங்கையரும் நோயுற்ற தந்தையும் உள்ள குடும்பத்தின் மூத்த மகன் எம் பாட்டனார். 1942-ஆம் ஆண்டின் இறுதியில் தம் இருபத்தோராம் வயதில் அவர் கடையநல்லூர் நிலையத்திலே இரயிலேறினார். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு அவ்விருப்புப் பாதை வந்து அப்போது பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. “பசி கூப்பிட்டது, போனேன்” என்பதே அவர் எக்காலத்தும் கூறிய காரணம்.

நம் ஊருக்கு அப்போர் மற்றொரு வகையிலும் அயலான செய்தியன்று. கடையநல்லூரிலிருந்து முசுலிம் அன்பர் பலர் முன்னரே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புக்காகச் சென்றிருந்தனர். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முசுலிம் லீக் 1941-இல் தோன்றியது என்பதே அவர்தம் தொகைக்குச் சான்று. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவர்களிடமிருந்து கடிதமும் பணமும் வருவது நின்றது. ஒரே ஊரின் மக்களிற் சிலர் சப்பானியர் ஆட்சியின் கீழும், சிலர் சப்பானியரை எதிர்க்கும் படையிலுமாக வாழ நேர்ந்த காலம் அது.

எம் பாட்டனார் சேர்ந்தது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர்ப் படை. சாப்பர் என்போர் பாதை அமைப்போர், பாலம் கட்டுவோர், புதைத்த கண்ணிவெடியை அகழ்வோர். 1780-இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கிய பழமையான படை அது. அதன் வீரரை இந்தியப் படை முழுவதும் ‘தம்பி’ என்றே அழைத்தல் வழக்கம். தமிழ்ச் சொல் ஒன்று ஒரு படைக்கே பெயராய் நின்றமை நினைந்து இன்புறத்தக்கது.

இங்கே ஓர் அநீதியையும் குறித்தல் வேண்டும். கம்பெனியார்க்கு நாட்டை வென்று கொடுத்தவருள் சென்னைச் சிப்பாய்கள் முதன்மையானவர். ஆயினும் 1857-க்குப் பின்னர், இந்திய மக்களுட் சிலரே போர்க்குடிகள் என்றும் ஏனையோர் போருக்கு ஆகார் என்றும் ஒரு கொள்கை எழுந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தலைவராயிருந்த இராபர்ட்சு பிரபு அதனை வலியுறுத்தினார். வடமேற்கு நாட்டாரும் கூர்க்கரும் வீரர் எனப்பட்டனர், தென்னாட்டார் ஒதுக்கப்பட்டனர். 1920-களில் சென்னைக் காலாட்படைகள் கலைக்கப்பட்டன. 1933-இல் சென்னைப் பயனியர்ப் படையும் கலைக்கப்பட்டது. சாப்பர்ப் படை ஒன்றே இடையறாது நின்றது. சப்பானியர் வாயிற்படிக்கு வந்தபோதோ, போருக்கு ஆகார் என்று தள்ளிய அதே மக்களை அழைத்துச் சென்னைக் காலாட்படையை 1940-களின் தொடக்கத்தில் மீண்டும் அமைத்தனர். குலத்தால் வீரம் வரும் என்னும் கொள்கையின் உறுதி அவ்வளவே!

அக்கொள்கையைப் பொய்யாக்கியோருள் சுபேதார் சுப்பிரமணியன் பெயர் மறக்கத்தகாதது. காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரிற் பிறந்த அவர், சென்னைச் சாப்பர்ப் படையில் இருந்தவர். 1944-இல் இத்தாலி நாட்டு மிக்னானோ என்னும் இடத்தருகே கண்ணிவெடி அகற்றும் பணியில், உடன் வந்த வீரர் ஒருவர் கால்பட்டு வெடியொன்று இயங்கிற்று. அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியன் தம் உடலை அதன்மேற் கிடத்தி, சூழ நின்றோரைக் காத்துத் தாம் மாண்டார். இறந்த பின்னர் அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்ந்த விருது அளிக்கப்பட்டது.

எம் பாட்டனார் சென்றது பர்மாப் போர்முனைக்கு. 1944 மார்ச்சு முதல் சூலை வரை இம்பாலிலும் கோகிமாவிலும் நடந்த பெரும்போரில் சப்பானியர் முறியடிக்கப்பட்டனர். பின்வாங்கிய அவர்களைத் தொடர்ந்து படை செல்லக் காபா பள்ளத்தாக்கின் வழியே பாதை வேண்டியிருந்தது. மழையிலே மண் குழம்பாகி, வண்டிகள் அச்சளவு புதைந்தன. கல் கிடையாத காடு அது. அதற்குப் பொறியாளர் கண்ட உபாயம் வியப்புடையது. சணற்றுணியைத் தாரில் தோய்த்து, சமன்படுத்திய மண்ணின்மேல் ஒன்றன் ஓரம் ஒன்றன்மேல் படியுமாறு விரித்தனர். தாமுவிலிருந்து கலேவா வரையில் நீண்ட வழி இவ்வாறு துணியாலே மூடப்பட்டது. எம் பாட்டனார் பல திங்கள் செய்த வேலை இதுவே. “துப்பாக்கி பிடித்த நாள் கொஞ்சம், தெருவிலே பாவு விரிக்கிற மாதிரி துணி விரித்த நாள்தான் அதிகம்” என்று சிரித்துக்கொண்டே கூறுவார். நெசவாளன் கைக்குப் போர்க்களத்திலும் துணியே வந்து வாய்த்தது.

1944 டிசம்பரில் கலேவா அருகே சிந்துவின் ஆற்றின்மேல் 1,154 அடி நீளமுள்ள பெய்லி பாலம் அமைந்தது. பெய்லி பாலம் என்பது பத்தடி நீளமுள்ள இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று ஊசியிட்டுப் பிணைத்துக் கட்டுவது. ஒரு சட்டத்தை ஆறு பேர் தூக்குவர். அக்காலத்து உலகிலே அவ்வகைப் பாலங்களுள் மிக நீண்டது அதுவே என்பர். உறவினர் சிலர் எம் பாட்டனாரே அப்பாலத்தைக் கட்டியதாகப் பேசியதுண்டு. அவர் உடனே மறுப்பார். “அது கட்டினவங்க வேற கம்பெனி. நான் அதுமேலே நடந்து போனவன்” என்பார். இவ்வொரு சொல்லிலிருந்து யாம் கற்றது, இலக்கண நூல்களிற் கற்றதினும் குறைந்ததன்று.

1945 மே 3-இல் இரங்கூன் மீட்கப்பட்டது. ஏப்ரல் 24-இல் நேதாசி சுபாசு சந்திர போசு அந்நகரை விட்டுச் சென்றபோது, இந்தியத் தேசியப் படையினர் ஆயிரக்கணக்கானோரை லோகநாதன் என்னும் தமிழ்த் தளபதியின் கீழ் நகரைக் காக்குமாறு நிறுத்திச் சென்றிருந்தார். கொள்ளையின்றி நகரைக் காத்த அவர்கள், பின்னர்ப் பிரிட்டிசுப் படையிடம் சரணடைந்தனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் அப்படையில் மிகப் பலர். முள்வேலிக்கு அப்பால் அவர்கள் இருக்க, இப்பால் எம் பாட்டனார் வேலி நட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த ஒருவர், “எந்த ஊரு தம்பி?” என்றார். ஊர்ப்பெயரைக் கூறியதும், சங்கரன்கோயில் பக்கத்தவராகிய அவர் கேட்ட அடுத்த கேள்வி, “கருப்பாநதியிலே தண்ணி வருதா?” என்பது. “வருது அண்ணாச்சி” என்று விடை கூறினாராம். தாம் ஊரைவிட்டு மூன்றாண்டு ஆகின்றது, தண்ணீர் வருவது தமக்கே தெரியாது என்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை என்பார். பர்மாப் போர் பற்றி அவர் குரல் தழுதழுத்துக் கூறியது இஃதொன்றே.

1946-இல் அவர் ஊர் திரும்பினார். அதற்குச் சில திங்கள் முன், 1945 நவம்பரில், தில்லிச் செங்கோட்டையில் தேசியப் படைத் தளபதியர்மேல் வழக்கு நடந்தது. நாடே அவர்கள் பக்கம் திரண்டது. அது நியாயமே. ஆனால் காக்கிச் சட்டையுடன் வந்திறங்கிய எம் பாட்டனார் போன்றோரை வரவேற்பார் இல்லை. பதினைந்து ஆண்டு பணி நிரம்பாதார்க்கு ஓய்வூதியமும் இல்லை. கையிற் கொடுத்த தொகை தங்கையொருத்தியின் திருமணத்துக்கு ஆயிற்று. அவர் மீண்டும் தறிக்குழியில் இறங்கினார். ஆறு முனையுடைய பர்மா விண்மீன் பதக்கம் நூற்கண்டுப் பெட்டியின் அடியிலே கிடந்தது. படையிலே கற்ற உருதுவை ஆங்கில எழுத்திலே எழுதுவார். இழை எண்ணும்போது இந்துத்தானியிலே எண்ணுவார். பெரியோர் சிறியோர் யாவரையும் தம்பி என்பார். படை அவரிடத்து விட்டுச் சென்றவை இவை. பேரப்பிள்ளைகளாகிய எமக்கு எழுத்தறிவித்தவர் அவரே. பள்ளியிலே தமிழ் பயின்று தமிழாசிரியராக யாம் அமைந்தமைக்கும், இருட்டும் வரை தறியிலிருந்து அவர் ஈட்டிய பொருளே துணையாயிற்று.

1972-இல் இந்திய அரசு விடுதலை வீரர்க்கு ஓய்வூதியம் வகுத்தபோது தேசியப் படையினரும் அதனைப் பெற்றனர். பெற்றது தகுதியே. உலகப் போரில் மறுபக்கம் நின்று குறுகிய காலம் பணிசெய்தவரோ நெடுநாள் ஒன்றும் பெற்றிலர். தமிழ்நாட்டரசு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாக அளித்த உதவித்தொகை, எம் பாட்டியாரின் இறுதி ஆண்டுகளில் மருந்துக்கு உதவிற்று.

‘வெள்ளையரின் கூலிப்படையைப் போற்றுவது நம் குலத்துக்குப் பெருமையாமோ?’ என ஒரு கூட்டத்தில் அன்பர் ஒருவர் எம்மை வினவினார். வினா தள்ளத்தக்கதன்று, விடை கூறுவோம். பசியால் பிறர் தறியில் நெய்தவனைக் கூலி என்று இகழ்வோமா? மேலும், சயாம் பர்மா இருப்புப்பாதைக்காக மலேயாத் தமிழரைப் பல்லாயிரவராகக் கொண்டுசென்று சாகவிட்டவர் சப்பானியர். அவர்களை எதிர்த்தது தமிழர்க்குத் தீங்கு செய்ததாகாது. பின்னும், 1947-இல் விடுதலை பெற்ற இந்தியாவுக்குப் படையாய் நின்றது இப்படையே. 1948 நவம்பரில் காசுமீரத்துச் சோசிலா கணவாய்க்கு டாங்கிகள் ஏறப் பாதை வெட்டியவர் இதே ‘தம்பி’கள். இவையனைத்திற்கும் மேலாக, எம் பாட்டனார் கூறிய விடையொன்று உண்டு: “வேலிக்கு ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைகதான்.” ஒருபக்கத்துப் பிள்ளைகளை மட்டும் எழுதி மறுபக்கத்தாரை மறைக்கும் குலவரலாறு பாதி வரலாறேயாகும்.

ஆதலின் சங்கத்தார்க்கும் வாசகர்க்கும் யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. உங்கள் இல்லத்துப் பழம்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். விடுவிப்புச் சான்று, பதக்கம், தலைப்பாகையுடன் எடுத்த நிழற்படம், கிழிந்த கடிதம், எது கிடைப்பினும் படியெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். திரும்பி வாராதவர் உண்டெனில், இரங்கூனை அடுத்த தௌக்கியானில் உள்ள நினைவுத் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் அப்பெயரைத் தேடுங்கள். அந்நினைவிடங்களைப் பேணும் ஆணையத்தாரின் பெயர்ப்பட்டியலை இப்போது இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அவர்களைக் கண்டவர் எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர், காலம் தாழ்த்தலாகாது. அனுப்பும்போது, சிப்பாயைச் சுபேதார் ஆக்காதீர்கள். பாலத்தின்மேல் நடந்தவரைப் பாலம் கட்டியவர் ஆக்காதீர்கள். உள்ளது உள்ளவாறு எழுதப்படுமாயின், ‘தெரிந்த கைக்கோளர்’ என்னும் கல்வெட்டுச் சொல்லை நம் பேரர் படிக்கும்போது, தெரிந்த பாட்டனார் ஒருவரின் முகமும் அவர்க்கு உடன் தோன்றும்.