எண்ணுக்குப் பெயர் வைத்த கருவி

டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு குறிப்பேடு கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எடுத்த நேரம், லென்ஸ், ஃபிளாஷ் எரிந்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் உண்டு. ஜப்பானின் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995-ல் இதற்கு வகுத்த இலக்கணம்தான் எக்ஸிஃப். ஆனால் 'எடுத்த நேரம்' என்ற சொல்லைக் கோப்புக்குள் எங்கும் காண முடியாது. 9003 என்ற பதினறும எண்தான் இருக்கும். அந்த எண்ணை என்ன பெயரால் காட்டுவது என்பதைப் படிக்கிற மென்பொருள்தான் முடிவுசெய்கிறது. அப்படிப் படிக்கும் மென்பொருள்களில் ஒன்றான எக்ஸிஃப்டூலின் பெருமையும், அதைப் பயன்படுத்துவோரின் குழப்பமும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

2003-ல் கனடாவின் ஃபில் ஹார்வி இந்தக் கருவியைப் பெர்ல் மொழியில் எழுதி இலவசமாக வெளியிட்டார். சட்பரி நகரத்துச் சுரங்கமொன்றில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை ஆராய்ந்த ஆய்வகம் ஒன்று உண்டு. குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வுக்கென இருந்த கணினியில்தான் எக்ஸிஃப்டூலின் பக்கம் பல ஆண்டுகள் குடியிருந்தது.

கருவியை வளர்த்தது 'மேக்கர்நோட்' என்ற பகுதி. எக்ஸிஃப் இலக்கணம் கேமரா நிறுவனங்களுக்கென ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள அனுமதித்தது. கேனன் ஒரு விதமாக எழுதியது, நிக்கான் வேறு விதமாக. விளக்கக் கையேடு வெளியே வராது. 2005-ல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவில் வெள்ளைச் சமநிலை விவரத்தை மறையீடு செய்தே வைத்தது. இவற்றைப் படிக்கப் பொறுமை ஒன்றுதான் வழி: கேமராவில் ஒரே ஒரு அமைப்பை மாற்றி அடுத்தடுத்து இரண்டு படம் எடுப்பது, இரண்டு கோப்பிலும் எந்த பைட் மாறியிருக்கிறது என்று தேடுவது. பயனர்கள் உலகெங்குமிருந்து மாதிரிப் படங்களை அனுப்ப, ஹார்வி பெயரில்லாத எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டே போனார். நிக்கானின் அந்த மறையீட்டையும் இன்று எக்ஸிஃப்டூல் அவிழ்த்துப் படிக்கிறது. இவ்வளவு பெரிய பொது உழைப்பு கூலி கேட்காமல் நடந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

பெயர் வைப்பதில் அவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். பதினறும எண் 9004-ஐ எக்ஸிஃப் இலக்கணம் 'டேட்டைம்டிஜிடைஸ்டு' என்கிறது. எக்ஸிஃப்டூலில் அது 'கிரியேட்டேட்'. 0132 இலக்கணத்தில் வெறும் 'டேட்டைம்', இங்கே 'மாடிஃபைடேட்'. அடோபியின் எக்ஸ்எம்பி குறிப்பிலும் இதே இரண்டு பெயர்கள் இருப்பதால், எந்த வடிவக் கோப்பானாலும் ஒரே பெயரால் கேட்க முடிகிறது. அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் இலக்கணத்தைப் படித்துவிட்டு வருபவர் தேடும் பெயர் பட்டியலில் இராது.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. கட்டளைச் சாளரத்தில் எக்ஸிஃப்டூலைச் சாதாரணமாக ஓட்டினால் திரையில் தெரிவது விளக்கத் தலைப்பு. இடைவெளியும் சாய்கோடும் கலந்தது. அதை அப்படியே கட்டளையில் எழுதினால் விடை வராது. 'மைனஸ் எஸ்' சேர்த்தால் உண்மையான புலப்பெயர் வரும். ஒரே பெயர் எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, வீடியோவுக்கான குவிக்டைம் என மூன்று இடங்களில் இருந்தால், வழக்கமாக ஒன்றுதான் காட்டப்படும். 'மைனஸ் ஏ' கொடுத்தால் எல்லாம் வரும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தரும் 'மைனஸ் ஜி1' எது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று சொல்லும். தேதிக் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த மூன்றைச் சேர்த்து ஓட்டியதுமே தெளிந்துவிடும்.

வீடியோவுக்கு இன்னும் ஒன்று வேண்டும். குவிக்டைம் வடிவம் 1904 ஜனவரி 1 முதலான நொடிகளை உலகப் பொது நேரத்தில் எண்ணுகிறது. அந்த விதிப்படி எழுதும் கைபேசியில் சென்னையில் எடுத்த வீடியோ ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரியும். விதியை மதிக்காமல் உள்ளூர் நேரத்தையே எழுதும் கேமராக்களும் பல. அதனால் எக்ஸிஃப்டூல் தானாக எதையும் மாற்றுவதில்லை. மாற்றச் சொல்லும் 'குவிக்டைம்யூடிசி' விருப்பத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

நிறுவும்போது வரும் சிக்கல் பெர்லால் வந்தது. மேக்கிலும் லினக்ஸிலும் பெர்ல் பெரும்பாலும் இருக்கும், விண்டோஸில் இராது. அதனால் பெர்லையும் உள்ளடக்கிய தனித் தொகுப்பு விண்டோஸுக்கு உருவானது. இரட்டைச் சொடுக்கு செய்தால் கறுப்புச் சாளரம் திறந்த வேகத்தில் மூடிவிடும் என்பதால், காத்திருக்கச் சொல்லும் 'மைனஸ் கே' கட்டளையைக் கோப்பின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் வைத்தார் ஹார்வி. கட்டளைச் சாளரத்தில் பயன்படுத்த நினைப்பவர் அதை நீக்கிப் பெயர் மாற்ற வேண்டும். அங்கேதான் பலருக்கு இடறுகிறது: விண்டோஸ் கோப்பு நீட்டிப்பை மறைத்து வைப்பதால், பெயரின் முடிவில் 'இஎக்ஸ்இ' இரண்டு முறை ஒட்டிக்கொண்டு, அப்படியொரு கட்டளையே இல்லை என்று கணினி சொல்லிவிடும். 2024 முதல் தொகுப்போடு ஒரு கோப்புறையும் வருகிறது. நிரலை எங்கே வைத்தாலும் அந்தக் கோப்புறையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டையும் வைத்தபின் கட்டளைச் சாளரத்தில் எக்ஸிஃப்டூல் 'மைனஸ் வெர்' என்று கொடுத்துப் பாருங்கள்; பதிப்பு எண் வந்தால் நிறுவல் சரி.