போடியில் கூவல் நின்ற பிறகு

என் அப்பா போடிநாயக்கனூர் ஏல மண்டபத்தில் மாதிரிப் பொட்டலம் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். அம்மா கோடவுனில் ஏலக்காய் பொறுக்கினார். சாயங்காலம் இருவர் துணியிலும் ஒரே வாசம் அடிக்கும்.

காய் விளைவது மேலே. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் ஏலமலை. 1956-இல் மாநில எல்லை பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. வியாபாரம் போகவில்லை. 1928-லேயே மதுரையிலிருந்து ரயில் வந்துவிட்ட ஊர் இது. வியாபாரிகளும் கோடவுன்களும் இங்கே வேர்பிடித்திருந்தார்கள். விடியுமுன் ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறுகிற பெண்களும் இந்தப் பக்கத்தவர்களே.

அன்றைக்கு ஏலம் என்றால் குரல்தான். லாட்டு எண் சொன்னதும் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஒரு காயைக் கடித்துவிட்டு விலை கூவுவார்கள். யார் யாரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார் என்பது அப்பாவுக்குத் தெரியும். மேலே காத்திருக்கும் சிறு விவசாயிக்குத் தெரியாது.

2007-இல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அப்பா பயந்தே போனார். டெல்லிக்காரர் டெல்லியிலிருந்தே வாங்கிவிட்டால் போடிக்கு என்ன மிஞ்சும்? பொறுக்கும் வேலையும் வடக்கே போய்விடாதா?

அப்படி நடக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தது மண்டபத்துக்குள்ளேதான். ஒரு லாட்டைப் போல் இன்னொரு லாட்டு இருக்காது. பச்சை நிறம், பருமன், லிட்டர் எடை எல்லாம் மாறும். கையில் எடுத்துப் பார்க்காமல் யாரும் பொத்தானை அமுக்க மாட்டார்கள். அதனால் பொட்டலம் நிலைத்தது, அப்பாவின் வேலையும் நிலைத்தது. 2021-இல் போடியையும் இடுக்கி மாவட்டப் புத்தடியையும் ஒரே ஏலத்தில் இணைத்தபோதும் மண்டபங்கள் இருந்தன. திரையை எந்த ஊரில் வைக்கிறார்கள் என்பதில் அந்த ஊரின் பிழைப்பு இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டது இப்படித்தான்.

ஆனால் அந்தப் பிழைப்பு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 2018 வெள்ளமும் பின்னால் வந்த வறட்சியும் காயைக் குறைத்துவிட, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. டீக்கடை முழுக்க அதே பேச்சு. அந்த வாரம் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்த கூலியை நான்தான் எண்ணினேன். முந்தின வாரம் வந்த அதே பணம்.