மூச்சுத் திணறலின் மதிப்பெண்: நுரையீரல் நார்மை நோயும் மணப்பாறையின் அன்றாடமும்

காற்றறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசு தழும்பேறித் தடித்துப்போகும் அரிய நோய் ஐ.பி.எஃப். (காரணம் அறியப்படாத நுரையீரல் நார்மை). 2014இல் வெளியான இன்பல்சிஸ் ஆய்வுகள் இரண்டும் ஒரே அமைப்பில் நடந்தவை. இரண்டிலும் நின்டெடானிப் மருந்து மூச்சுக் கொள்ளளவின் சரிவை மட்டுப்படுத்தியது. வாழ்க்கைத்தரத்தை அளக்கும் செயின்ட் ஜார்ஜ் வினாநிரலோ ஓர் ஆய்வில் சிறு நன்மையைக் காட்டியது, மற்றதில் எதையும் காட்டவில்லை. இத்தடுமாற்றத்துக்குக் காரணங்கள் பல. வினாநிரல் நம் ஊருக்கு வரும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது.

லண்டனில் பால் ஜோன்ஸ் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சடைப்பு நோயாளிகளுக்காக உருவாக்கியது இது. 50 கேள்விகள், 0 முதல் 100 வரை மதிப்பெண், ஏற ஏற நலிவு. நடனம், கோல்ஃப், பனியை வாரிக்கொட்டுதல், மதுக்கூடம், நாயோடு உலாவுதல் எல்லாம் அதில் உண்டு.

திருச்சி மாவட்ட மணப்பாறையில் முறுக்குப் பிழியும் ஒரு பெண்ணிடம் கோல்ஃப் ஆடச் சிரமமா என்று கேட்டால் “இல்லை” என்பார். சிரமமே இல்லை என்று தாள் கணக்கு வைத்துக்கொள்ளும்; நோய் முற்றியவர் நலமுள்ளவராகத் தெரிவார். அவை வெறும் எடுத்துக்காட்டுகள், கேட்கப்படுவது உழைப்பின் அளவுதான் என்பார்கள். காகிதத்தில் அது சரி. நோயாளியின் காதில் விழுவதென்னவோ கோல்ஃப்தான். மாவு பிசைவது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவது, சந்தைக்கு மாட்டைப் பிடித்துப்போவது, மலைக்கோட்டைப் படி ஏறுவது என்று கேட்டால் பதில் வேறாகும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. அடுப்படி மருமகள் கைக்குப் போயிருந்தால், “எனக்கென்ன சிரமம், வயசாச்சு” என்றே பதில் வரும். ஆகவே “முடிகிறதா” என்பதோடு “எப்போது விட்டீர்கள், ஏன்” என்றும் கேட்க வேண்டும்.

ஊருக்கொரு வினாநிரல் செய்தால் ஒப்பீடு கெடும் என்ற மறுப்பு வலுவானது. அரிய நோயில் ஆள்கணக்கே குறைவு: 19 நகரங்களின் 27 மருத்துவமனைகள் சேர்ந்த, நுரையீரல் இடைத்திசு நோய்களுக்கான ஐ.எல்.டி. இந்தியா பதிவேட்டில் 1,084 பேர், ஐ.பி.எஃப். 13.7 விழுக்காடுதான். எனவே செயின்ட் ஜார்ஜைத் திருத்துவதைவிட, 2012இல் வந்த கே-பில்ட் வினாநிரலைப் பொதுவாக வைப்பது நல்லது. அதன் 15 கேள்விகள் மூச்சிரைப்பையும் மனநிலையையும் நெஞ்சுத் தொல்லையையும் சார்ந்தவை. ஊர்விட்டு ஊர் வந்தாலும் பெரிதும் பொருள் மாறாதவை. உள்ளூர் வேலைப்பட்டியல் துணையாக வரட்டும். அதை ஆறு நிமிட நடைச் சோதனையோடு ஒட்டிப் பார்த்துத் தரப்படுத்தலாம்.

அதே பதிவேட்டில் 47.3 விழுக்காட்டினருக்கு இருந்தது மிகையுணர்வு நுரையீரல் அழற்சி. புறாவும் பூஞ்சையும் ஏர்கூலரும் அதைத் தூண்டக்கூடியவை. அங்கே சிகிச்சையின் முதற்படி தூண்டும் பொருளை விட்டு விலகுவது. அதற்காக வீட்டையோ தொழிலையோ விட்டவரிடம், மூச்சு சீரானதை மட்டும் கேட்டுவிட்டு வாழ்க்கைத்தரம் உயர்ந்தது என்று எழுதுவது அரைக்கணக்கு. வருமான இழப்புக்கு ஒரு கேள்வியாவது வேண்டும்.

செயின்ட் ஜார்ஜ் வினாநிரல் நோயாளி தாமே நிரப்ப வேண்டியது. திருச்சியின் நெரிசலான புறநோயாளிப் பிரிவுகளில் அதை யாராவது வாசித்துக்காட்ட வேண்டியிருக்கும். பக்கத்தில் மகன் நிற்பார். இருமலோ மூச்சிரைப்போ குடும்பத்துக்குத் தொல்லையா, தாம்பத்திய உறவில் தடையா என்ற கேள்விகளுக்கு அவர் முன்னால் வரும் பதிலை எந்தப் புள்ளியியலும் பிறகு திருத்த முடியாது. உடன்வந்தவரை வெளியே அமர்த்திவிட்டு, பயிற்சி பெற்ற செவிலியர் கேட்பது ஆய்வு நெறிமுறையிலேயே எழுதப்பட வேண்டும்.