பீரோ சாவியும் கடவுச்சொல்லும்

பள்ளி நூலகத்தைக் கணினி விழுங்கிவிடும், நூலகர் என்கிற உத்தியோகமே இனி இருக்காது என்று ஒரு பேச்சு நெடுநாளாக நடக்கிறது. சிலர் கவலையோடு சொல்கிறார்கள், சிலர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். இரு தரப்புமே ஒன்றைக் கேள்வியில்லாமல் ஒத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறது: தமிழகப் பள்ளிகளில் நூலகர் என்று ஒருவர் இருந்தார் என்பதை. எங்கே இருந்தார்? பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அப்படியொரு பணியிடமே கிடையாது. தமிழாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ, யாராவது ஒருத்தர் தலையில் 'நூலகப் பொறுப்பு' கட்டப்பட்டிருக்கும். காலியாகக் கிடந்த நாற்காலியில்தான் கணினி வந்து உட்கார்ந்தது. ஆகவே இதைத் தொழில்நுட்பத்தின் வரலாறாக அல்லாமல் அந்த நாற்காலியின் வரலாறாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

நெய்வேலியிலிருந்து சிதம்பரம் போய்க் கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி. எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்த ஊர். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததைச் சொல்கிறார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகங்கள் போயின. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942இல் தனியாக ஒரு நூலும் எழுதினார் அவர். ஆனால் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் (சுதந்திர இந்தியாவில் இந்த வகைச் சட்டங்களில் இதுவே முதல்) பொது நூலகத்தோடு நின்றுகொண்டது. மாவட்டத்துக்கொரு நூலக ஆணைக்குழு, சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்க நூலக வரி என்று ஊர் நூலகத்துக்கு ஓர் அஸ்திவாரம் கிடைத்தது. பள்ளிக்கூடம் அந்த எல்லைக்கு வெளியே நின்றது. அதற்குக் கிடைத்தது ஒரு பீரோ.

இந்தப் பீரோவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் அறையில், நாற்காலிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நிற்கும். உள்ளே இருப்பவை புத்தகங்கள் அல்ல, 'இருப்பு'. இருப்புப் பதிவேட்டில் எண் ஏறிய கணத்திலேயே ஒரு புத்தகம் பிரதி என்ற நிலையிலிருந்து அரசுச் சொத்து என்ற நிலைக்கு மாறிவிடுகிறது. தணிக்கையில் அது குறைந்தால் பொறுப்பு ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும், கைக்காசு போட்டு ஈடுகட்டவும் வேண்டி வரலாம். பையனிடம் கொடுத்தால் கிழியும், தொலையும். கொடுக்காவிட்டால் ஒரு குறையும் இல்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்று எந்தத் தணிக்கையும் கேட்பதில்லை, எத்தனை இருக்கிறது என்றுதான் கேட்கிறது. இந்தக் கணக்கில் பூட்டி வைக்கிற ஆசிரியர்தான் பொறுப்பானவர். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? சங்கிலியை ரங்கநாதன் ஐரோப்பாவின் பழங்கதையாகத்தான் சொன்னார். நம்மூரில் அது பதிவேடாக வந்தது. ஆகஸ்ட் 12ஆம் தேதி மட்டும் அவர் படத்துக்கு மாலை விழத் தவறுவதில்லை.

நெய்வேலியில் நிலைமை கொஞ்சம் வேறு. 1956இல் லிக்னைட் நிறுவனம் உருவாகி, கிராமங்களைக் கிளப்பிவிட்டு, வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டிய நகரியம் இது. பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே வரைபடத்தில் முதலில் வந்தன, மனிதர்கள் பிறகு வந்தார்கள். நான் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) நூலகத்துக்குத் தனி அறை இருந்தது, நூலகராக ஓர் அம்மாவும் இருந்தார். லிக்னைட் எப்படி உண்டாகிறது என்று கேட்டுப் போன பையனிடம் நிலவியல் புத்தகத்தைத் தராமல், "மொதல்ல இதப் பாரு" என்று உலக வரைபடப் புத்தகத்தை விரித்தவர். நிலக்கரி எங்கெங்கே கிடக்கிறதென்று பார்த்தபிறகு என் கேள்வியே மாறிப்போனது. எந்தப் பட்டியலிலும் ஏறாத வேலை இது.

2000 வாக்கில் அங்கே கணினி வந்தது. மரப்பெட்டிகளில் இருந்த அட்டைகளைப் பார்த்துப் பார்த்து அந்த அம்மாதான் தட்டச்சு செய்தார், மாசக்கணக்கில். முடிந்ததும் அட்டைகள் எடைக்குப் போயின. அன்று தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. 1999இல் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற குறியாக்கங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இடையில் செய்யப்பட்டவை எத்தனையோ அனாதையாகின. அந்தப் பள்ளியின் பட்டியலும் அப்படித்தான் போயிற்று. திறந்தால் ரோமன் எழுத்தும் விநோதக் குறிகளுமாக ஒரு குப்பை. எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பது தெரிந்த ஒரே ஆள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு முதலில் ஒப்பந்தத்தில் ஒருவர் வந்தார், பிறகு யாரும் வரவில்லை. நிரந்தரம், ஒப்பந்தம் என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரத்தை நெய்வேலிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுரங்க வாசலில் எத்தனை போராட்டங்கள் அந்தத் தூரத்தைக் குறைக்கச் சொல்லி நடந்திருக்கின்றன! நூலகத்தை யந்திரம் காலி செய்யவில்லை. யந்திரத்தைச் சாக்காக வைத்து ஆளைக் குறைத்தார்கள், ஆள் போனதால் யந்திரமும் செத்தது.

சரி, இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் கூலியில்லாமல் தட்டச்சு செய்து நமது இலக்கியத்தை உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி தொடங்கியதும் அதே 1998இல்தான். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிரக்கணக்கான பழைய நூல்களைப் படியெடுத்து மின்னூலகத்தில் வைத்திருக்கிறது. ஆனால் தேடுபெட்டி என்பது தேடுகிறவனுக்குப் பெயர் தெரியும் என்ற அனுமானத்தின்மேல் கட்டப்பட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பெயர் தெரியும்? அப்படியே ஐம்பதுகளில் அச்சான ஒரு புத்தகத்தைத் திறந்துவிட்டது என்று வையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த 'லை'யும் 'னை'யும் முதல் பக்கத்திலேயே வழிமறிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து "இது ஒண்ணுமில்ல, பழைய எழுத்து" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இல்லாவிட்டால் புத்தகம் அங்கேயே மூடிக்கொள்ளும். இப்போது கேட்டதற்குப் பதிலையே எழுதித் தரும் யந்திரமும் வந்துவிட்டது. அது என் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கும். வரைபடத்தை விரித்து வைத்திருக்குமா என்பதுதான் சந்தேகம்.

2011இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி, 2018இல் பாடநூல்களில் விரைவுக்குறி, அப்புறம் ஹைடெக் லேப் என்று அரசுப் பள்ளிகளுக்குக் கருவிகள் வந்தபடியே இருக்கின்றன. ஏழைப் பிள்ளையின் கைக்குக் கருவி வருவதைக் கேலி செய்கிற நகரத்து மனோபாவம் எனக்கு இல்லை. நான் பார்த்த லேப்களில் பள்ளி விட்டதும் பூட்டுதான் விழுகிறது. திரையும் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள்தானே. பீரோவுக்குச் சாவி, லேப்புக்குச் சாவியோடு கடவுச்சொல். கணினிப் பயிற்றுநர்களையும் இந்த அரசு முதலில் ஒப்பந்தத்தில்தான் எடுத்தது என்பது மறக்கக்கூடியதல்ல.

2023இல் பள்ளிக்கல்வித் துறை 'வாசிப்பு இயக்கம்' தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய கதைப் புத்தகங்களை அச்சிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகங்கள். குழந்தைகள் கையில் வைத்துக் கசக்கிப் படிக்க வேண்டியவை. கட்டுப் பிரித்த அன்று ஆசிரிய நண்பர் ஒருவர் கூப்பிட்டுச் சந்தோஷமாகப் பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி என்னிடமே கேட்டார்: "இதெல்லாம் ஸ்டாக்குல ஏத்தணுமா தோழர், ஏத்த வேணாமா? யாருகிட்ட கேக்குறதுன்னே தெரியல."