பாஸ் மலிந்தது, வரிசை நீண்டது: பெருநிறுவனங்கள் வசமாகும் அமெரிக்கப் பனிச்சறுக்கு மலைகள்

அமெரிக்காவின் மேற்கு மலைத்தொடர்களில் பனிச்சறுக்கு விளையாட்டு வேகமாக உருமாறி வருகிறது. தனிநபர்களும் குடும்பங்களும் நடத்திய மையங்கள் பல, பெருநிறுவனங்களின் வசம் சென்றுவிட்டன. அந்நாட்டின் தேசியப் பனிச்சறுக்கு மையங்கள் சங்கத்தின் கணக்குப்படி, 1982-83 பருவத்தில் 735 மையங்கள் இயங்கின. தற்போது அவற்றின் எண்ணிக்கை 500-க்கும் குறைவு. மாறாக, 2022-23 பருவத்தில் பதிவான வருகைகளோ 6.5 கோடியைத் தாண்டி, முன் எப்போதும் இல்லாத உச்சத்தைத் தொட்டன. குறைந்த மலைகளில் கூடுதல் கூட்டம் என்பதே இன்றைய நிலை.

சீசன் பாஸ் செயல்படும் விதம்

இம்மாற்றத்தின் மையத்தில் இருப்பது சீசன் பாஸ். புறநகர் ரயிலின் சீசன் டிக்கெட்டைப் போல, ஒருமுறை பணம் செலுத்தினால் பருவம் முழுவதும் மலைக்குச் செல்லலாம். கொலராடோவைத் தலைமையிடமாகக் கொண்ட வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம், 2008-ஆம் ஆண்டு 'எபிக்' என்ற பாஸை 579 டாலருக்கு அறிமுகம் செய்தது. ஒரே பாஸில் பல மலைகளில் சறுக்கலாம் என்பது அதன் சிறப்பு. 2017-இல் உருவான ஆல்டெரா நிறுவனம், போட்டியாக 'ஐகான்' பாஸை 2018-இல் கொண்டுவந்தது.

இந்தப் பாஸ்கள் பனிப்பருவம் சூடுபிடிப்பதற்கு முன்பே விற்கப்படுகின்றன. போதிய பனி பொழியாவிட்டாலும் நிறுவனத்தின் வருவாய் உறுதியாகிவிடுகிறது. வானிலையின் இடர் வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது. வாடிக்கையாளரை முன்பணத்துக்கு ஈர்க்க, ஒரு நாள் டிக்கெட்டின் விலை தொடர்ந்து உயர்த்தப்பட்டது. 2024-25 பருவத்தில் வெய்ல், பார்க் சிட்டி போன்ற மலைகளில் நெரிசல் நாட்களில் அது 300 டாலரைத் தாண்டியது. அதாவது, நான்கு நாள் டிக்கெட்டின் செலவு, ஏறத்தாழ 1,000 டாலர் விலையுள்ள முழுப் பருவ பாஸையே மிஞ்சிவிடுகிறது. அடிக்கடி செல்வோருக்கு இது ஆதாயம். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் குழந்தைகளுடன் செல்ல விரும்பும் குடும்பத்துக்கோ கதவு அடைபடுகிறது.

அரபஹோ பேசின் கதை

கொலராடோவின் அரபஹோ பேசின் என்ற மலை, இந்த மாற்றங்கள் அனைத்தையும் கண்ட ஒன்று. 1946-இல் தொடங்கப்பட்ட இம்மையம், பெரிய விடுதிகளோ அங்காடிகளோ இல்லாத எளிமைக்குப் பெயர் பெற்றது. 1997-இல் பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன் ஆகிய மலைகளுடன் இதையும் வெய்ல் வாங்க முயன்றபோது, போட்டி குறைந்துவிடும் எனக் கூறி அமெரிக்க நீதித் துறை தலையிட்டது. அரபஹோ பேசினை வேறு நிறுவனத்துக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே ஒப்புதல் கிடைத்தது.

உரிமை பிரிந்தாலும், வெய்லின் பாஸில் அந்த மலை தொடர்ந்து இடம்பெற்றது. பாஸ் விற்பனை பெருகப் பெருகக் கூட்டமும் பெருகியது. வாகனங்களை நிறுத்த இடமில்லாமல் போனது. 2019-இல் அரபஹோ பேசின் நிர்வாகம் வெய்லுடனான உறவை முறித்துக்கொண்டது. பின்னர் ஐகான் பாஸில் இணைந்தபோதும், அந்தப் பாஸ் வைத்திருப்போர் இத்தனை நாட்கள் மட்டுமே வரலாம் என வரம்பு விதிக்கப்பட்டது. ஆனால், ஒரு நிறுவனத்தின் கூட்டத்திலிருந்து விலகிய அந்த மலையை 2024-இல் மற்றொரு பெருநிறுவனமான ஆல்டெரா வாங்கியது.

நெரிசல் இடம் மாறியது

லிஃப்ட் வசதியை மேம்படுத்தினால் நெரிசல் தீரும் என்று நிறுவனங்கள் கூறுகின்றன. உலகின் முதல் அதிவேக நான்கு இருக்கை லிஃப்ட் 1981-இல் பிரெக்கன்ரிட்ஜில் நிறுவப்பட்டது. அத்தகைய லிஃப்ட்கள் வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது உண்மையே. எனினும், அதே நேரத்தில் கூடுதலானோரை உச்சிக்கு ஏற்றிவிடுவதால், சரிவுகளில் நெரிசல் அதிகரித்து, மோதல் அபாயமும் கூடுகிறது.

2021-இல் எபிக் பாஸ் விலை 979 டாலரில் இருந்து 783 டாலராகக் குறைக்கப்பட்டதும் விற்பனை வெகுவாக உயர்ந்தது. அந்தப் பனிப்பருவத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையில் ஆட்கள் பற்றாக்குறையால் பல லிஃப்ட்கள் இயங்காத நிலையில், நிர்வாகத்தைக் கண்டித்த மனுவில் 40,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அதன்பின், ஒரு நாள் டிக்கெட் எண்ணிக்கைக்கு வெய்ல் வரம்பு விதித்தது. ஆனால், பாஸ் வைத்திருப்போர் வருகைக்கு அந்த வரம்பு பொருந்தாது.

தொழிலாளர் நிலை

யூட்டாவின் பார்க் சிட்டி மையத்தில் சுமார் 200 ரோந்துப் பணியாளர்கள் ஊதிய உயர்வு கோரி 2024 டிசம்பர் 27-இல் வேலைநிறுத்தம் தொடங்கினர். வெடி வைத்துப் பனிச்சரிவு அபாயத்தை நீக்குவதும், காயமுற்றோரை மீட்பதும் இவர்களது பணி. அவர்கள் இல்லாததால் விடுமுறை நாட்களிலும் பெரும்பாலான சரிவுகள் திறக்கப்படவில்லை. திறந்திருந்த சிலவற்றில் கூட்டம் அலைமோதியது. தொடக்க ஊதியம் மணிக்கு 21 டாலரில் இருந்து 23 டாலராக உயர்த்தப்பட்ட பின், 2025 ஜனவரியில் போராட்டம் முடிவுக்கு வந்தது.

மாற்று வழிகள்

வேறு வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. வெர்மான்ட் மாநிலத்தின் மேட் ரிவர் கிளென் மலை 1995 முதல் பனிச்சறுக்கு ஆர்வலர்களின் கூட்டுறவு அமைப்புக்குச் சொந்தமாக இயங்குகிறது. ஒருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய லிஃப்டை அது இன்றும் பேணுவதால், சரிவில் இறங்குவோர் எண்ணிக்கை தானாகவே மட்டுப்படுகிறது. அதே மாநிலத்தின் கில்லிங்டன் மலையை 2024-இல் உள்ளூர் முதலீட்டாளர்கள் குழு வாங்கியது.

பெருநிறுவன முதலீடு இல்லாவிட்டால், பனி குறைந்துவரும் காலத்தில் பல மலைகள் மூடப்பட்டிருக்கும் என்ற வாதத்தையும் புறந்தள்ள இயலாது. அதேவேளையில், அரபஹோ பேசின், வெய்ல், பிரெக்கன்ரிட்ஜ் உள்ளிட்ட பல மையங்கள் அமைந்திருப்பது கூட்டாட்சி அரசின் வன நிலத்தில். அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்தியே நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. பொதுமக்களுக்குச் சொந்தமான மலையில் ஒரு நாள் சறுக்க 300 டாலர் தேவைப்படும் நிலை தொடர வேண்டுமா என்பது, அனுமதி வழங்கும் வனத் துறையும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகும்.